உருகும் பொதியில் உயிர்காக்கும் மருந்து



மார்கழி மாதக் காலையில் தலைக்கு எண்ணெய் வைப்பதற்காகப் புட்டியைக் கவிழ்க்கிறோம். எண்ணெய் வருவதில்லை. தேங்காயெண்ணெய் வெள்ளை வெளேரென்று உறைந்து கிடக்கிறது. அம்மா அந்தப் புட்டியை எடுத்துச் சிறிது நேரம் வெந்நீரில் நிறுத்துகிறார். உறைந்திருந்த எண்ணெய் உருகித் தெளிந்து ஓடுகிறது. தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருகும். அதற்குக் கீழே திடப்பொருள், மேலே திரவம். ஒவ்வொரு கொழுப்புப் பொருளுக்கும் இவ்வாறு ஓர் உருகுநிலை உண்டு என்பதை நாம் விஞ்ஞானப் பாடத்தில் கற்றிருக்கிறோம்.

நாம் தினமும் காணும் இந்தச் சின்னஞ்சிறு நிகழ்ச்சியைக் கொண்டு புற்றுநோய் என்னும் பெரும் பகையோடு போராட முடியுமா? முடியும் என்று நம்பி, விஞ்ஞானிகள் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக உழைத்து வந்திருக்கிறார்கள். அவர்கள் கண்ட வெற்றியையும், அடைந்த தோல்வியையும், அத்தோல்வி நமக்குக் கற்பிக்கும் பாடத்தையும் இக்கட்டுரையில் காண்போம்.

புற்றுநோய் என்பது யாது?

நம் உடல் கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. உயிரணுக்கள் தேவையான போது பிரிந்து பெருகும். போதும் என்ற நிலை வந்ததும் நின்றுவிடும். கையில் ஏற்பட்ட வெட்டுக்காயம் ஆறிய பின் அவ்விடத்தில் தசை வளர்ந்துகொண்டே போவதில்லை அல்லவா? ஆனால் சில வேளைகளில் ஓர் உயிரணு இந்தக் கட்டுப்பாட்டை மீறி ஓயாமல் பெருகத் தொடங்குகிறது. அதன் சந்ததி முழுவதும் அவ்வாறே பெருகிக் கட்டியாகிறது. அருகிலுள்ள திசுக்களுக்குள் ஊடுருவுகிறது. இரத்தத்தின் வழியாகப் பிற உறுப்புகளுக்கும் பரவுகிறது. இதுவே புற்றுநோய். இது தொட்டால் ஒட்டிக்கொள்ளும் நோய் அன்று. ஆதலால் இந்நோய் கண்டவர்களை ஒதுக்கி வைப்பது அறியாமை மட்டுமன்று, அன்பின்மையும் ஆகும்.

இதற்கு அறுவைச் சிகிச்சை, கதிரியக்கச் சிகிச்சை, மருந்துச் சிகிச்சை ஆகியவை உண்டு என்பதைப் பலரும் அறிவர். வெப்பமும் ஒரு சிகிச்சை என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம்.

வெப்பம் மருந்தான கதை

1866-ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டு அறுவை மருத்துவர் வில்ஹெல்ம் புஷ் ஒரு விந்தையைக் கண்டார். முகத்தில் புற்றுக்கட்டி இருந்த ஒருவருக்கு அக்கி போன்ற தோல் தொற்று ஏற்பட்டுக் கடுமையான காய்ச்சல் கண்டது. காய்ச்சலுக்குப் பின் அந்தக் கட்டி மறைந்தது. பின்னர் 1891-இல் நியூயார்க் நகர அறுவை மருத்துவர் வில்லியம் கோலி, நோய்க்கிருமிகளைத் தாமே நோயாளியின் உடலில் செலுத்திக் காய்ச்சலை உண்டாக்கிப் பார்த்தார். சிலருக்குக் கட்டி கரைந்தது. சிலருக்குத் துன்பமே மிஞ்சியது. அந்த நற்பலன் காய்ச்சலின் வெப்பத்தால் மட்டும் வந்ததன்று, உடலின் எதிர்ப்பு ஆற்றல் விழித்தெழுந்ததும் ஒரு காரணம் என்று பின்னர் தெரிந்தது. எனினும், வெப்பம் புற்றுநோயைத் தாக்குமா என்ற கேள்வி அன்றே பிறந்துவிட்டது.

இன்று கிருமிகளைச் செலுத்தாமலே, ரேடியோ அலைகளாலும் நுண்ணலைகளாலும் ஒலி அலைகளாலும் கட்டியை மட்டும் சூடாக்க முடிகிறது. நம் உடலின் இயல்பான வெப்பம் 37 பாகை செல்சியஸ், அதாவது 98.6 பாகை பாரன்ஹீட். வெப்ப சிகிச்சையில் கட்டி உள்ள இடத்தை 40 முதல் 43 பாகை வரை சூடாக்கி, ஏறத்தாழ ஒரு மணி நேரம் அந்நிலையிலேயே வைத்திருப்பர்.

இதனால் என்ன பயன்? முதலாவது, வெப்பத்தால் உயிரணுவின் புரதங்கள் சிதைகின்றன. பழுதுபட்ட மரபுப் பொருளைச் செப்பனிடும் ஆற்றலும் குறைகிறது. ஆகவே கதிரியக்கத்தாலோ மருந்தாலோ அடிபட்ட புற்றணுவால் மீண்டும் எழ முடிவதில்லை. இரண்டாவது, மிதமான வெப்பத்தில் கட்டியின் இரத்த ஓட்டம் அதிகரித்துப் பிராணவாயு மிகுதியாகச் செல்கிறது. பிராணவாயு உள்ள இடத்தில்தான் கதிரியக்கம் நன்றாக வேலை செய்யும். மூன்றாவது, சூடான இரத்தக்குழாய்களின் சுவர்கள் சற்று நெகிழ்ந்து, மருந்து கட்டிக்குள் கசிந்து புக வழிவிடுகின்றன.

இவை வெறும் ஏட்டளவுக் கருத்துகள் அல்ல. நெதர்லாந்து நாட்டில் நடைபெற்று 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியில், முற்றிய கருப்பைவாய்ப் புற்றுநோய் கொண்ட பெண்களுள் கதிரியக்கம் மட்டும் பெற்றவர்களில் மூன்று ஆண்டுகளுக்குப் பின் உயிருடன் இருந்தோர் நூற்றுக்கு 27 பேர். கதிரியக்கத்தோடு வெப்ப சிகிச்சையும் பெற்றவர்களில் 51 பேர். ஏறக்குறைய இருமடங்கு! எத்தனை குழந்தைகளின் தாய்மார்கள் அந்த எண்ணிக்கைக்குள் அடங்கியிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

மருந்தின் இரு முகங்கள்

இனி மருந்தைப் பற்றிப் பார்ப்போம். டாக்சோரூபிசின் என்பது புற்றுநோய்க்கு மருத்துவர்கள் பெரிதும் நம்பும் மருந்துகளில் ஒன்று. செம்பருத்திப் பூவைப் போலச் சிவந்த நிறமுடையது. இத்தாலியில் காஸ்டெல் டெல் மோண்டே என்னும் பழங்கோட்டையின் அருகே எடுத்த மண்ணில் வாழ்ந்த ஒரு நுண்ணுயிரின் வழியாக இம்மருந்துக் குடும்பம் கிடைத்தது. அப்பகுதியை ஒட்டிய ஏட்ரியாட்டிக் கடலின் பெயரால் இதற்கு ஏட்ரியாமைசின் என்னும் பெயரும் உண்டு.

இம்மருந்து வேகமாகப் பிரியும் உயிரணுக்களின் மரபுப் பொருளில் புகுந்து அவற்றை அழிக்கிறது. ஆனால் பகைவன் யார், நண்பன் யார் என்று அதற்குத் தெரியாது. மயிர்க்கால்களின் உயிரணுக்களும் வேகமாகப் பிரிபவை. ஆகவே தலைமுடி உதிர்ந்துவிடுகிறது. இரத்த அணுக்கள் உண்டாகும் எலும்பு மச்சையும் அடிபடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக இதயத் தசையே பழுதடையக் கூடும். ஆதலால் ஒருவருக்கு அவருடைய வாழ்நாள் முழுவதிலும் இவ்வளவுதான் இம்மருந்தைக் கொடுக்கலாம் என்று மருத்துவர்கள் வரம்பு கட்டியிருக்கிறார்கள். நோய் குணமாகும் முன்பே அந்த வரம்பு வந்துவிட்டால் என் செய்வது? இதுதான் மருத்துவர்களை வாட்டிய கேள்வி. மருந்து வேண்டும், ஆனால் கட்டிக்குள் மட்டும் வேண்டும். இதயத்துக்குப் போகக் கூடாது.

கண்ணுக்குத் தெரியாத பொதி

வழி ஒன்று இங்கிலாந்தில் பிறந்தது. 1960-களில் கேம்பிரிட்ஜ் அருகே பாப்ரகாம் என்னுமிடத்தில் அலெக் பாங்கம் என்ற விஞ்ஞானி, பாஸ்போலிப்பிட் எனப்படும் ஒருவகைக் கொழுப்பை நீரில் கலந்து எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார். கொழுப்பு தானாகவே சிறு சிறு கோளங்களாக மூடிக்கொண்டு, உள்ளே சிறிது நீரையும் அடைத்து வைத்திருந்தது. இக்கோளத்துக்கு லிப்போசோம் என்று பெயர்.

இவ்வாறு நேர்வது ஏன்? பாஸ்போலிப்பிட் மூலக்கூறுக்கு ஒரு தலையும் இரண்டு வால்களும் உண்டு. தலை நீரை விரும்பும். வால்கள் நீரை வெறுக்கும். நீரில் போட்டதும் வால்கள் உட்புறமும் தலைகள் வெளிப்புறமுமாக இரண்டு வரிசைகள் சேர்ந்து ஒரு சுவராகின்றன. சுவரின் ஓரமும் நீரைத் தொடாதிருக்க வேண்டுமே! அதனால் அது வளைந்து மூடிக் கோளமாகிவிடுகிறது. நம் உயிரணுக்களின் சவ்வும் இதே முறையில்தான் அமைந்துள்ளது.

அந்தக் கோளத்துக்குள் நீருக்குப் பதிலாக மருந்தை அடைத்தால்? மருந்துப் பொதி தயார்! ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்கிட்டால் அதில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர் ஆகும். மருந்துப் பொதியின் குறுக்களவு ஏறத்தாழ 100 நானோமீட்டர். நம் இரத்தத்தின் ஒரு சிவப்பணுவின் அகலத்தில் இத்தகைய பொதிகளை எழுபதுக்கும் மேலாக வரிசையாக அடுக்கலாம். இத்தகைய நுண்பொதிகளையே நானோ துகள்கள் என்கிறோம். டாக்சோரூபிசினை லிப்போசோமில் அடைத்த டாக்சில் என்ற மருந்துக்கு 1995-இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. அதனால் இதயத்துக்கு நேரும் தீங்கு வெகுவாகக் குறைந்தது.

ஆயினும் ஒரு குறை இருந்தது. கட்டியின் இரத்தக்குழாய்கள் ஒழுங்கற்றவை, ஓட்டையுள்ளவை. ஆகவே நுண்பொதிகள் அங்கே கசிந்து தங்கும் என்று 1986-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் மட்சுமுராவும் மயேதாவும் எடுத்துக் காட்டியிருந்தனர். அந்தக் கசிவையே எல்லோரும் நம்பியிருந்தார்கள். ஆனால் பத்தாண்டுக் கால ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2016-இல் கணக்கிட்டபோது, செலுத்திய நானோ துகள்களில் கட்டியைச் சென்றடைந்தது இடைநிலை அளவாக நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை, 0.7 மட்டுமே என்று தெரிய வந்தது. அப்படிச் சென்ற பொதியும் எளிதில் அவிழ்வதில்லை. வீட்டுக்கு வந்த தபால் உறை பிரிக்கப்படாமலே கிடப்பது போன்ற நிலை!

41 பாகையில் திறக்கும் கதவு

இங்கேதான் நம் தேங்காயெண்ணெய்ப் புட்டி நினைவுக்கு வருகிறது. பொதியின் சுவரும் கொழுப்புத்தானே? உடல் வெப்பமான 37 பாகையில் உறைந்த நிலையிலும், அதற்குச் சற்று மேலே நெகிழும் நிலையிலும் உள்ள கொழுப்பால் பொதி செய்தால், சூடாக்கிய இடத்தில் மட்டும் மருந்து வெளிப்படுமல்லவா? இந்தக் கருத்தை 1978-இல் மில்டன் யாட்வினும் அவருடைய தோழர்களும் அமெரிக்காவில் செய்து காட்டினர்.

அதற்கு உகந்த கொழுப்பு ஒன்று இயற்கையிலேயே இருக்கிறது. பால்மிடிக் அமிலத்தாலான இரண்டு வால்களைக் கொண்ட பாஸ்போலிப்பிட் அது. அதன் உருகுநிலை ஏறத்தாழ 41 பாகை செல்சியஸ், அதாவது 105.8 பாகை பாரன்ஹீட். நாம் மூச்சு விடும்போது நுரையீரலின் காற்றறைகள் ஒட்டிக்கொண்டு சுருங்கிவிடாமல் காக்கும் படலத்தின் முக்கியப் பகுதியும் இதுவே. நம் மூச்சைக் காக்கும் பொருளே மருந்தையும் சுமக்கிறது என்றால், படைப்பின் சிக்கனத்தை என்னென்பது!

ஆனால் ஒரு சிக்கல். இரத்தம் கட்டியின் வழியே ஓடிக் கடப்பதற்குச் சில விநாடிகளே ஆகும். பொதி மெதுவாக அவிழ்ந்தால் மருந்து கட்டியைத் தாண்டிப் போய்விடும். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் நீடம், மார்க் டியூயர்ஸ்ட் ஆகியோர் 2000-ஆம் ஆண்டையொட்டி இதற்கு வழி கண்டனர். பொதியின் சுவர் ஒரே வார்ப்பாக இல்லை. தளக்கற்கள் பதித்த தரை போலத் துண்டு துண்டாக இணைந்திருக்கிறது. உருகும்போது முதலில் நெகிழ்வது அந்த இணைப்புகளே. ஒற்றை வால் கொண்ட வேறொரு கொழுப்பைச் சிறிது சேர்த்தார்கள். அது இணைப்புகளில் கூடி நுண்துளைகளைத் திறந்துவிடுகிறது. 41 பாகையைத் தாண்டியதும் சில விநாடிகளில் மருந்து வெளியே பாய்கிறது.

ஆகவே பொதி கட்டிக்குள் கசிந்து புகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. கட்டியைச் சூடாக்கியபடியே பொதியை இரத்தத்தில் செலுத்தினால், கட்டியின் குழாய்களில் ஓடும்போதே அது அவிழும். உடலின் மற்ற இடங்களில் மூடியே இருக்கும். வெப்பம் புற்றணுவைத் தளர்த்துகிறது, இரத்தக்குழாயை நெகிழ்த்துகிறது, பொதியையும் திறக்கிறது. ஒரே கல்லில் மூன்று மாங்காய்!

சோதனைக் களத்தில்

இம்மருந்துக்குத் தெர்மோடாக்ஸ் என்று பெயரிட்டனர். கல்லீரல் புற்றுநோயில் அதைச் சோதிக்க முடிவு செய்தார்கள். கட்டிக்குள் ஓர் ஊசியைச் செருகி ரேடியோ அலையால் சுட்டுப் பொசுக்கும் சிகிச்சை முன்பே உண்டு. ஊசியின் அருகே வெப்பம் மிக அதிகம். அங்கே எல்லா அணுக்களும் மடியும். தள்ளிப் போகப் போக வெப்பம் குறையும்; ஓரங்களில் சில புற்றணுக்கள் தப்பிப் பிழைத்து மீண்டும் வளரும். அந்த ஓரத்தில் இருக்கும் மிதமான சூட்டில் நம் பொதிகள் திறந்து மீதியை அழிக்கும் என்பது எதிர்பார்ப்பு. எவ்வளவு பொருத்தமான திட்டம்!

701 நோயாளிகள் இச்சோதனையில் பங்கு பெற்றனர். அனைவருக்கும் வழக்கமான ஊசிச் சிகிச்சை கிடைத்தது. அத்துடன் ஒரு பிரிவினருக்குத் தெர்மோடாக்ஸும், மற்றவர்களுக்கு மருந்தில்லாத போலித் திரவமும் செலுத்தப்பட்டன. 2013 ஜனவரியில் முடிவு வெளியாயிற்று. இரு பிரிவினருக்கும் இடையே எதிர்பார்த்த வேறுபாடு காணப்படவில்லை. சோதனை தோல்வி.

விஞ்ஞானிகள் கணக்குகளை மறுபடியும் புரட்டினர். 45 நிமிடமோ அதற்கு மேலோ சூடாக்கப்பட்டவர்களில், மருந்து பெற்றவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்தது போலத் தோன்றியது. பொதி திறக்கப் போதிய நேரம் சூடு வேண்டும் என்பதும் நியாயமாகவே பட்டது. ஆகவே 2014-இல் மற்றொரு சோதனை தொடங்கிற்று. இம்முறை 556 நோயாளிகள். எல்லோருக்கும் குறைந்தது 45 நிமிடச் சூடு. ஆனால் 2020-இல் கணக்குகளை மேற்பார்த்த வல்லுநர் குழு, இச்சோதனையும் வெற்றி தரப் போவதில்லை என்று கண்டது. தெர்மோடாக்ஸ் இன்றுவரை வழக்கமான சிகிச்சையாக ஏற்கப்படவில்லை.

இதற்கிடையில் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் ஒரு சிறு சோதனை நடந்தது. கல்லீரலில் கட்டி இருந்த பத்துப் பேருக்கு, உடலைக் கிழிக்காமலும் ஊசி கொண்டு பொசுக்காமலும், வெளியிலிருந்து குவித்த ஒலி அலைகளால் கட்டியை மிதமாகச் சூடாக்கினர். 2018-இல் வெளியான முடிவின்படி, சூடாக்கிய பின் கட்டிக்குள் இருந்த மருந்தின் அளவு சராசரியாக 3.7 மடங்கு உயர்ந்திருந்தது. பத்துப் பேரைக் கொண்டு நோய் குணமாகும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பொதி மனித உடலுக்குள்ளும் திறக்கிறது என்பது மட்டும் மெய்ப்பிக்கப்பட்டது.

தோல்வி கற்பித்த பாடம்

இக்கதையை வெற்றியோடு முடித்திருந்தால் படிக்க இன்பமாக இருந்திருக்கும். ஆனால் உண்மையை உள்ளபடி சொல்வதே விஞ்ஞானத்தின் முதல் ஒழுக்கம். ஆராய்ச்சிக் கூடத்தில் அழகாக நடந்த ஒன்று மனித உடலில் அப்படியே நடக்க வேண்டும் என்பதில்லை. நோயாளிக்கு நோயாளி கட்டி வேறுபடுகிறது, இரத்த ஓட்டம் வேறுபடுகிறது, சூடும் வேறுபடுகிறது.

முதல் சோதனை முடிந்த பின் கண்ட அந்த 45 நிமிடக் கணக்கு மற்றொரு பாடத்தையும் சொல்கிறது. பரீட்சை முடிந்த பிறகு விடைத்தாளுக்கு ஏற்றபடி வினாவை மாற்றினால் யாரும் நூறு மதிப்பெண் வாங்கலாம்! ஒரு சோதனையின் கணக்கில் பின்னர் தேடிக் கண்டது விடையாகாது. அது ஒரு புதிய வினாவே. அதற்கு மீண்டும் ஒரு நேர்மையான பரீட்சை வைக்க வேண்டும். அவர்கள் வைத்தார்கள். விடை பாதகமாக வந்தபோது அதை ஏற்றும் கொண்டார்கள்.

நாம் எல்லோரும் நினைவில் கொள்ள வேண்டிய சில செய்திகளும் உண்டு. வெப்பம் கட்டியைக் கரைக்கும் என்று கேட்டதும், வீட்டில் ஒத்தடம் கொடுத்துப் பார்ப்போம் என்று யாரும் முற்படலாகாது. அந்த வெப்பம் தோலோடு நின்றுவிடும். உள்ளே இருக்கும் கட்டியை அளவோடு சூடாக்குவதற்குத் தனிக் கருவிகளும் தேர்ந்த மருத்துவர்களும் தேவை. ஒத்தடம் கொடுத்துக் காலம் கடத்தினால் நோய்தான் வளரும். உடலில் ஆறாத புண்ணோ, வலியில்லாத கட்டியோ, காரணமற்ற இரத்தப் போக்கோ கண்டால் வெட்கத்தாலும் அச்சத்தாலும் மறைக்காமல் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். நம் தாய்மார்கள் வீட்டிலுள்ள அனைவரையும் கவனித்துவிட்டுத் தங்களைக் கடைசியில்தான் கவனிப்பார்கள். அவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லும் கடமை படித்த பெண்களாகிய நமக்கு உண்டு.

இறுதியாக ஒன்று. அந்த 701 பேரையும், 556 பேரையும் நினைத்துப் பார்ப்போம். அவர்கள் பெயர்கள் நமக்குத் தெரியாது. தமக்குக் கிடைப்பது மருந்தா, வெறும் திரவமா என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. தமக்குப் பலன் கிடைக்காவிட்டாலும், தமக்குப் பின் வருவோருக்கு உண்மை தெரியட்டும் என்று அவர்கள் தங்கள் நோயுற்ற உடலையே ஆராய்ச்சிக்கு ஒப்புக்கொடுத்தார்கள். பிறருக்காகத் தன்னைக் கொடுத்தல் என்பதை நாம் ஞானோபதேச வகுப்பில் கேட்கிறோம். அதை வாழ்ந்து காட்டியவர்கள் இவர்கள்.

திருச்சபையில் புற்றுநோயாளிகளின் பாதுகாவலராகப் போற்றப்படுபவர் புனித பெரெக்ரின். நாம் அவரிடம் மன்றாடும்போது நோயுற்றோருக்காக மட்டுமன்றி, தோல்வியிலும் துவளாமல் ஆய்வுக்கூடங்களில் விழித்திருப்போருக்காகவும் மன்றாடுவோம். சூட்டில் திறக்கும் அந்தச் சிறு பொதியை இன்னும் செம்மையாகச் செய்து முடிக்கும் கரங்கள் எவருடையவோ? அவை இன்று நம் வகுப்பறையில் பௌதிகப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கும் கரங்களாகவும் இருக்கலாம் அன்றோ!